பந்தலுக்கு வெளியே ஏறிய கொடி

அந்தச் சுருள் எதையும் பிடித்திருக்கவில்லை.

ரேணுகா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பீர்க்கங்கொடி பிடித்து ஏறுவதற்காக நீட்டும் பற்றுக்கம்பி, நூல்போல் மெலிந்த அந்தப் பச்சைச் சுருள், எதையாவது தொட்டால்தான் இறுகும் என்பது அவளுக்குத் தெரியும். கயிற்றைத் தொட்டால் கயிற்றைச் சுற்றும், கம்பைத் தொட்டால் கம்பைச் சுற்றும், ஒன்றும் கிடைக்காவிட்டால் காற்றில் ஆடி ஆடி முற்றிப்போய்த் தொளதொளவென்று தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். இது அப்படி இல்லை. பந்தல் காலிலிருந்து இரண்டடி தள்ளி, தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், வெறும் காற்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை. அதற்குள் விரலை விட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டியவள், ஏனோ மடக்கிக்கொண்டாள்.

பந்தலை அவளேதான் போட்டிருந்தாள். ஆடி பிறந்த முதல் வாரம், கணவன் ஹரிஹரன் தாம்பரத்து லாரி புக்கிங் ஆபீசுக்கு ஏழு பத்து மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்பிப் போன பிறகு, தினம் இரண்டு மணி நேரம் அந்த வேலை. ஆறு சவுக்குக் கம்புகள். மண்ணுக்குள் போகும் முனைகளில் கரையான் ஏறாதிருக்கக் கழிவு ஆயில் தடவி, கடப்பாறையால் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, உடைந்த செங்கல்லைப் போட்டு இடித்து நிறுத்தினாள். மேலே குறுக்குக் கம்புகள் வைத்து, முழத்துக்கு ஒன்றாகக் கட்டுக்கம்பி இழுத்து, அதன்மேல் ஹரிஹரன் கோவளத்துக் கடற்கரையில் கேட்டு வாங்கி வந்த பழைய நைலான் வலையை விரித்தாள். ஒவ்வொரு விதைக்குழியிலிருந்தும் கொடி ஏற ஒரு தென்னங்கயிறு. உள்ளங்கைகளில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. அந்த எரிச்சல் அவளுக்கு வேண்டியிருந்தது. கொல்லை வெறுமையாகக் கிடப்பதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்க்காமலிருக்கத்தான் அந்தப் பந்தலே.

பங்குனி மாதம் வரைக்கும் அந்தக் கொல்லையில் அவள் மாமனார் அப்பாசாமி நடந்துகொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. மறதி நோய். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கு, மேற்கிலிருந்து கிழக்குக்கு, முதுகை வளைத்துக்கொண்டு, ஒரு கையை எதையோ பிடிக்கப்போவது போல முன்னால் நீட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே ரேணுகா செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. பிள்ளை கிடையாது. திருக்கழுக்குன்றம் சாலையை ஒட்டிய அந்தப் புது மனைப்பிரிவில் அவளும் அவரும் அந்தக் கொல்லையும்தான், காலையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும். பங்குனியில் ஒரு மதியம் அவர் தெருக்கதவு வழியாக வெளியே போனார். திரும்பி வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரிகளில் பார்த்தாயிற்று, பிணவறைகளிலும் பார்த்தாயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹரிஹரன் ஒரு பசை டப்பாவும் அப்பாவின் படம் போட்ட நோட்டீசுமாகக் கிளம்பிவிடுவான். மாமல்லபுரம், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று ஊர் ஊராக ஒட்டிவிட்டு, இருட்டின பிறகு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

ரேணுகா அந்தக் கொடியைப் பந்தல் பக்கமாக இழுத்து வாழைநாரால் கயிற்றோடு கட்டினாள். மறுநாள் நார் அறுந்து கிடந்தது. கொடி பழைய இடத்துக்கே போயிருந்தது. இப்போது அங்கே ஐந்து சுருள்கள் இருந்தன. ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில். முதலாவது பெரியது, அடுத்தடுத்துச் சிறியவை, கடைசி மிகவும் சிறியது. அந்த வரிசை சற்றே சாய்வாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கண்கள் தன்பாட்டுக்குக் கீழே இறங்கித் தன் கால்விரல்களைப் பார்த்தன.

அவள் கொடியின் தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் ஆணியடித்துக் கட்டினாற்போல் விறைத்து நின்றது. கையை எடுத்ததும் கொடி எதிர்ப்பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்தது. மெதுவாக. யாரோ காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிற மாதிரி.

அன்று முழுவதும் அவள் கொல்லைப்பக்கம் போகவில்லை. அடுப்படி ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். காய்ந்து கிடந்த துணியைக்கூட எடுக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் பீர்க்கம்பூ விரிகிற நேரத்தில் அந்தப் பச்சை வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அதோடு இன்னொரு வாடையும் சேர்ந்து வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் பலகையை விலக்கினால் வருமே, பாசியும் ஈரமண்ணும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, அது. அந்தத் தெருவில் கிணறே கிடையாது.

ஆவணி பாதி தாண்டியபோது பக்கத்து வீட்டு சரோஜா மதில்மேல் தலையை நீட்டினாள்.

"இன்னா ரேணு, வூட்டுக்கு யாராச்சும் வந்துகீறாங்களா?"

"யாரும் இல்லியேக்கா. ஏன்?"

"மாடில துணி எடுக்கசொல்லோ பார்த்தேன். உங்க கொல்லில ஒரு ஆளு குனிஞ்சிகினு நிக்கிற மாதிரி கீது. அப்புறம் பார்த்தா கொடி. நான் பயந்தே பூட்டேன்."

"காத்துக்கு அப்டி சாஞ்சிகினு கீதுக்கா."

சரோஜா பந்தலைப் பார்த்தாள். பிறகு மேலே தென்னை மரத்தைப் பார்த்தாள். "இன்னா காத்து? ஒரு எல கூட அசையல" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த மதில் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள்.

ரேணுகா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். மணி ஐந்தரை இருக்கும். மேலேயிருந்து பார்த்தபோதுதான் முழுதும் தெரிந்தது. பந்தலின் வலை பாதிக்குமேல் காலியாக இருந்தது. அவள் நட்ட ஆறு கொடிகளில் நான்கு பந்தலை விட்டு இறங்கி, வெறும் தரையில் ஓரிடத்துக்கு வந்து கூடி, பிடிக்க ஒரு குச்சியும் இல்லாமல் நேரே மேலே ஏறியிருந்தன. இரண்டு கணுக்கால். முழங்கால்கள், ஒன்று லேசாக மடங்கினபடி. இடுப்பு. வளைந்த முதுகு. தோளிலிருந்து ஒரு கை கீழே தொங்க, இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எதுவும் ஏறவில்லை. கழுத்தைச் சுற்றிய சுருள்களுக்கு மேல் இலைகள் ஒரு குல்லாயைப்போல் விளிம்பு கட்டி நின்றன, உள்ளே வெற்றிடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முதுகில். தோளில். நீட்டிய கையில்.

அந்த வளைந்த முதுகை அவளுக்குத் தெரியும். அந்த நீட்டிய கையைத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரிஹரன் கோவளத்திலிருந்து திரும்பி வந்து, கைப்பசையைக் கழுவுவதற்காகக் கொல்லைக் குழாய்க்குப் போனான். ரேணுகா அடுப்படிக் கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துவிட்டான் என்றால் இது தன் மூளைக் கோளாறு இல்லை. பார்க்கவில்லை என்றால் தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. எது நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இன்னா ரேணு, கொடி பந்தல வுட்டுட்டு இப்டி வெளிய போவுது? இழுத்துக் கட்டக் கூடாதா?"

"கட்டினா நிக்க மாட்டேங்குதுங்க."

அவன் ஈரக்கையோடு போய் அந்தத் தோளருகே கையைத் தூக்கினான். பாதியில் நிறுத்தினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினான். கண்கள் கலங்கியிருந்தன.

"தெரில. இங்க வந்து நின்னா அப்பா நெனப்பாவே கீது. பக்கத்துலயே கீற மாதிரி கீது." குரலைச் சரிசெய்துகொண்டு, "அன்னிக்கு அந்தக் கேட்டை மட்டும் அவரு தொறக்காம இருந்திருந்தா..." என்றான்.

ரேணுகா சாப்பாடு போட உள்ளே போனாள்.

கேட்டை அவர் திறக்கவில்லை. அவருக்கு அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கத் தெரியாது. அன்றைக்கு அவள் மூன்று இரவாகத் தூங்கியிருக்கவில்லை. விடியற்காலையிலிருந்து அவர் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "எங்க வூட்டுக்குப் போவணும், என்ன வுடு, எங்க வூட்டுக்குப் போவணும்" என்று ஒரே பல்லவி. இரும்புச் சத்தம் அவள் பல்லுக்குள் கூசியது. இதுதான் மாமா உங்க வீடு என்று நூறு முறை சொன்னாள். நூற்றியோராவது முறை அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள். கேட்டை அகலத் திறந்தாள். "போங்க. போங்க உங்க வூட்டுக்கு" என்றாள். அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். ஊர்பேர் தெரியாத யாரோ ஒருத்திக்கு நன்றி சொல்வது மாதிரி. அவள் உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்து, ஆறு மாதத்தில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். விழித்தபோது நாலு மணி. தெரு காலி. அவரே திறந்துவிட்டார் என்று அவள் சொன்ன சொல்லை யாரும் சந்தேகிக்கவில்லை. அவள் படுகிற பாட்டைப் பார்த்து எல்லாரும் அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

இப்போது அவர் ஏதோ ஒரு பாழுங்கிணற்றில் கிடக்கிறார். அந்த வாடைக்கு அவளுக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. கிடந்து, எழுந்து, வந்துவிட்டார்.

புரட்டாசியில் அது நகரத் தொடங்கியது.

ஒரு காலையில் தரையில் பற்றுக்கம்பிகள் சிதறிக் கிடந்தன. ஒருமுறை சுருண்டு முற்றிய பற்றுக்கம்பி மறுபடி நிமிராது. வெட்டினாலும் உலர்ந்தாலும் சுருளாகவேதான் இருக்கும். இவை நேராக நிமிர்ந்து கிடந்தன, யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்து நீவி விட்டதுபோல். உருவம் பந்தலிலிருந்து நாலடி தள்ளி, வீட்டுப்பக்கமாக, புதுச் சுருள்களோடு நின்றது. அவள் பின்வாசல் படியிலிருந்து அது வரை கால் வைத்து எண்ணினாள். பதினோரு அடி. இரண்டு நாள் கழித்து ஒன்பது. அப்புறம் ஆறு. வேர் பந்தலடியிலேயே இருந்தது. தண்டு மட்டும் ஈர மண்ணில் நீண்டுகொண்டே வந்தது.

ஒருநாள் அரிவாளோடு போனாள். தண்டை வெட்டிவிட்டால் மூன்று நாளில் எல்லாம் வாடி விழுந்துவிடும். குனிந்து, தண்டை இடதுகையால் பிடித்தாள். தண்டு சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை, அன்று முழுக்க மேகமூட்டம். காய்ச்சல்காரன் மணிக்கட்டைப் பிடித்தால் இருக்கும் சூடு. விரல்களுக்குக் கீழே அது ஒருமுறை துடித்தது. அரிவாள் கைநழுவி விழுந்தது. அவள் ஓடவில்லை. "மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் நடந்து வந்து கதவைச் சாத்தினாள்.

ஹரிஹரனிடம் சொல்லியிருக்கலாம். தினமும் அவன் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாயருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவர் ஏன் தன்னிடம் வருகிறார் என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். அதைச் சொன்ன பிறகு அவன் அந்த வீட்டில் அவளோடு ஒருநாள்கூட இருக்க மாட்டான்.

நான்கடி.

இரண்டடி.

ஐப்பசி முதல் வாரம், மழைக்கு முந்தின ஒரு சாயங்காலம். காற்று அடியோடு நின்றிருந்தது. ரேணுகா பின்கதவைத் திறந்தாள். அது படிக்குக் கீழே நின்றது. நீட்டிய கை கதவு நிலைக்கு ஒரு சாண் தூரத்தில். விரல்களின் சுருள்கள் ஐந்தும் விரிந்து நின்றன. உடம்பெங்கும் பூ. அந்த வெற்று முகத்திலிருந்து கிணற்றுக் குளிர் அவள் நெற்றியில் வந்து விழுந்தது.

அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

"நான்தான் மாமா" என்றாள். "கேட்டை நான்தான் தொறந்தேன். நீங்க போயிட்டா தூங்கலாம்னு இருந்துது. அவ்ளோதான். நீங்க சாவணும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல." அழுகையில் சொற்கள் உடைந்தன. "வூட்டுக்குப் போவணும்னு கேட்டுகினே இருந்தீங்களே. இதான் உங்க வூடு. வாங்க. உள்ள வாங்க மாமா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வந்து இருங்க."

எல்லாச் சுருள்களும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

நூற்றுக்கணக்கான மெல்லிய நூல்கள் ஒன்றாக விடுபடும் சத்தம். ஈரத்துணியை உதறினாற்போல் ஒரு சத்தம். அப்புறம் இலையும் தண்டும் பூவுமாக அந்தக் கொடிக்கூட்டம் படியடியில் சரிந்து குவிந்தது. குளிர்ச்சி அவள் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று. வீட்டுக்குள்ளே.

அவள் வெகுநேரம் அழுதாள். ஏழு மாதமாக அழாத அழுகை. அன்றிரவு ஹரிஹரன் வந்தபோது அவனுக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். அவன், "இன்னிக்கு மூஞ்சி தெளிவா கீது" என்றான். அவள் கனவில்லாமல் தூங்கினாள்.

மறுநாள் காலை அவன் போன பிறகு காபி கலக்கும்போது, கை தானாக இரண்டாவது டம்ளரை எடுத்தது. கூடத்தில் மாமா உட்காரும் மூலையில், தரையில், அதை வைத்தாள். வாடை அந்த மூலையில்தான் இருந்தது. பயமாக இல்லை. தலைவாரிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோது டம்ளர் காலியாக இருந்தது. அடியில் நுரை கூட மிச்சமில்லை. அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மன்னித்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஹரிஹரன் போன் செய்தான். ரயில் இரைச்சலுக்கும் அவன் அழுகைக்கும் நடுவில் முதலில் ஒன்றும் புரியவில்லை.

"ரேணு... அப்பா... கெடச்சிட்டாரு ரேணு! உசுரோட கீறாரு!"

"இன்னாங்க சொல்றீங்க?"

"கோவளம் பக்கத்துல ஒரு ஹோமு. அங்க ஜாக்குலின்னு ஒரு அம்மா, நம்ம நோட்டீசு பார்த்துட்டு போன் பண்ணாங்க. பங்குனிலயே ரோட்ல திரிஞ்சிகினு இருந்தவர இட்டுனு போயி வெச்சிருக்காங்க. பேரு ஊரு சொல்லத் தெரில. தாடி வுட்டு அடையாளமே தெரிலியாம். வீடியோல பார்த்தேன். அப்பாதான். நான் நேரா அங்க போறேன், சாயங்காலம் இட்டுனு வந்துர்றேன். ரேணு? கேக்குதா? உசுரோட கீறாரு. பங்குனிலேர்ந்து அங்கியேதான் கீறாரு."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. கொலை செய்யவில்லை. நான் யாரையும் கொல்லவில்லை.

பிறகு அவள் மெல்லத் தலையைத் திருப்பிக் கூடத்து மூலையைப் பார்த்தாள்.

காலி டம்ளர் இருந்தது. வைத்த இடத்தில் இல்லை. அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் பக்கத்தில், நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இன்னும் வேண்டும் என்பதுபோல.

அவள் பகல் முழுவதும் தெருவாசலில் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. சாரல் உடம்பெல்லாம் நனைத்தது. உள்ளே போகவில்லை. சரோஜா வீடு பூட்டியிருந்தது. மழைக்கு நடுவே வீட்டுக்குள்ளிருந்து நடக்கிற சத்தம் கேட்டது. சுவரிலிருந்து சுவருக்கு. ஈரப் பாதம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். பிறகு அது நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம். அவளுக்குப் பின்னால்.

ஆறு மணிக்குக் கார் வந்தது. ஹரிஹரன் குடையைப் பிடித்துக்கொண்டு அப்பாவை இறக்கினான். எலும்பும் தாடியுமாக, யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில், அப்பாசாமி மழையைப் பார்த்துச் சிரித்தார். ரேணுகா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் தலை அவள் தோளுக்குத்தான் வந்தது. கொல்லையில் நின்ற உருவமோ குனிந்திருந்தும் அவளை விட ஒரு முழம் உயரம். அத்தனை நாளும் அதை அவள் ஒப்பிட்டே பார்க்கவில்லை.

"இன்னா ரேணு, இப்டி நனைஞ்சிகினு நிக்கிற? அப்பாவ பார்த்த சந்தோஷமா?" ஹரிஹரன் அழுதுகொண்டே சிரித்தான்.

வாசற்படியில் பெரியவர் கால் வைக்கவில்லை. கதவுக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆளு கீது" என்றார்.

"யாரும் இல்லப்பா. நம்ம வூடுதான்."

"அந்தாண்ட ஆளு கீது பா. அவங்க வூடு."

"ஏங்க," என்றாள் ரேணுகா. "இன்னிக்கு ஒருநாள் வேற எங்கியாச்சும்... லாட்ஜுல கூட..."

"இன்னா பேசற நீ? ஏழு மாசம் கழிச்சி வூட்டுக்கு வராரு." அவன் முகம் சுருங்கியது. "ஏன்? இன்னா ஆச்சி?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே எதை அழைத்தாள் என்று சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு யாரை வெளியே அனுப்பினாள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மழைநீர் அவள் உதட்டில் வழிந்தது. அவன் காத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அவன் அப்பாவை அணைத்துத் தூக்கினாற்போல் உள்ளே கொண்டுபோனான். பரண்மேலிருந்து நாடாக் கட்டிலை இறக்கிக் கூடத்தில் விரித்தான். பெரியவரை உட்காரவைத்துத் தலையைத் துவட்டினான். "பால் காச்சிட்டு வரேன். நீ பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான். பாத்திரம் வைக்கும் சத்தம். லைட்டர் சொடுக்கும் சத்தம். அவன் ஏதோ பாட்டு முணுமுணுத்தான், ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

ரேணுகா கட்டிலுக்கு எதிரே சுவரோடு சுவராக நின்றாள்.

கிணற்று வாடை.

பெரியவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைத் தாண்டி, அவளுக்கு மேலே, வெகு மேலே பார்த்தார். புது ஆளைப் பார்த்தால் வரும் மரியாதையோடு சிரித்தார்.

"ஏன் பா நின்னுகினே கீற?" என்றார். "வா. வந்து குந்து."

அவள் தலைமுடி ஒருபக்கமாக ஒதுங்கியது. ஏதோ அவளைக் கடந்து போயிற்று.

பெரியவர் இடம் விட்டுச் சுவரோரமாக நகர்ந்து, தன் பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில், காலியான அந்த இடத்தில், கட்டில் நாடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்தன. சட்டம் முனகியது. நாடாக்கள் இன்னும் தாழ்ந்து, தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி நின்றன.

"ரேணு," அடுப்படியிலிருந்து ஹரிஹரன் கூப்பிட்டான், "அப்பாவுக்குச் சக்கரை போடலாமா?"

அப்பாசாமி சிரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய தொளதொளச் சட்டையில், தோள்பட்டைக்கு மேல், துணி உள்ளே அழுந்தியது. முதலில் ஓரிடத்தில். பிறகு அடுத்தடுத்து நான்கு இடங்களில். கழுத்தை நோக்கி, மெல்ல, கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாகச் சுருண்டன.